மூன்றாவது சுற்றில் ஒரு தாமதம்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என்னைத் திட்ட வேண்டாம். இருபத்து நான்கு வயதில் லாரி கவிழ்ந்து செத்துப்போன ஒரு பையன்மீது பொறாமை. என் பெயர் எலியேசெர். சாந்தியாகோ தெ கூபாவில், என் வீட்டு முன்னறையில், பேஸ் கிட்டார் சொல்லிக்கொடுக்கிறேன்.

2

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

"சட்டியில் பழைய தந்திகள் கொதித்துக்கொண்டிருந்தன." (நன்றாகத்தான் இருக்கிறது. புதுத் தந்தி கிடைக்காததால் பழையதை வேகவைத்து அழுக்கெடுத்து மாட்டுகிறோம். ஆனால் அது வேறொரு நாள் நடந்தது.)

"அறுபத்தேழு வயதில் ஒருத்தி பேஸ் கற்றுக்கொள்ள வருகிறாள் என்றால்" (என்றால் என்ன? இரக்கம் கேட்கிற வாக்கியம். விட்டுவிட்டேன்.)

மூன்றாவது, நடந்தபடியே. நெரெய்தா வந்து கதவைத் தட்டினார். தோளில் மகனுடைய பேஸ், கையில் ஒரு மெமரி ஸ்டிக்.

"வாத்தியார் தம்பி, இதுல ஒரே ஒரு பாட்டு இருக்கு. பேஸ் வாசிக்கிறது என் பையன் யோஸ்பெல். அதை மட்டும் சொல்லிக் கொடுங்க. வேற எதுவும் வேணாம்."

"முதல்ல அடிப்படை கொஞ்சம் படிக்கணும்மா."

"எனக்கு வயசு அறுபத்தேழு. அடிப்படை படிச்சு முடிக்கிறதுக்குள்ள என்னைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. பாட்டைப் போடுங்க."

ஆகஸ்டில் யோஸ்பெல் செத்துப் பதினைந்து வருடம். அவனுடைய பழைய குழுவினர் நெரெய்தா வீட்டு முற்றத்தில் கூடி அந்தப் பாட்டை வாசிக்கப்போகிறார்கள். மகன் நின்ற இடத்தில் தான் நிற்க வேண்டும் என்பது அவருடைய ஆசை.

பாட்டைப் போட்டேன். இரண்டு சுற்று போவதற்குள் தெரிந்துவிட்டது. அந்த பேஸை வாசித்தது நான்.

3

பாட்டைப் பதிவு செய்த அன்று யோஸ்பெலுக்கு வாசிப்பு அமையவில்லை. எங்கள் தாளத்தில் பேஸ் முதல் அடியில் விழக்கூடாது. அதற்கு முன்பே ஒலித்து, முதல் அடியைத் தொடாமல் கடக்க வேண்டும். அவன் ஒவ்வொரு முறையும் அதன்மேல் போய் மிதித்தான். எல்லோரும் வீட்டுக்குப் போனபின், பதிவாளர் ரமிரோ என்னைக் கூப்பிட்டு, அவன் வாசித்ததை அழித்துவிட்டு என்னை வாசிக்கவைத்தார். ஒரு மணி நேர வேலை. இசைத்தட்டின் உறையில் அவன் பெயர். பையன் எப்படியோ தேறிவிட்டான் என்று குழுவினர் நினைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் யோஸ்பெல் என்னிடம் வந்து, "அண்ணே, எங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டான்.

(மேலே உள்ள வரி பொய். அவன் வரவில்லை. ரமிரோ அவனிடம் என்ன சொன்னாரென்றும் எனக்குத் தெரியாது. அப்படி ஒரு வாக்குக் கொடுத்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதி! வாயை மூடிக்கொண்டிருப்பதே நல்ல குணமாகிவிடும். அந்த வரியை அடிக்காமல் விடுகிறேன், என் யோக்கியதை உங்களுக்குத் தெரியட்டும்.)

ரமிரோவும் செத்துவிட்டார். விஷயம் தெரிந்தவர்கள் இப்போது நானும் நீங்களும்தான். அதற்குப் பிறகு கல்யாணங்களில், விடுதிகளில் எத்தனையோ வருடம் வாசித்தேன். ஒன்றுகூடப் பதிவாகவில்லை. இந்த உலகத்தில் என் வாசிப்பு என்று மிஞ்சியிருப்பது அந்த நான்கு நிமிடம் மட்டும்.

4

மின்சாரம் போய்விட்டால் பேஸின் முனையைத் துணி அலமாரியின் கதவில் அழுத்திவைத்து வாசிப்போம். மரம் அதிர்ந்து கொஞ்சம் ஒலி வரும். நெரெய்தா வாசிக்கும்போது நானும், நான் வாசிக்கும்போது அவரும் அந்தக் கதவில் காதை வைத்துக்கொள்வோம்.

மூன்றாவது சுற்றில் ஒரு ஸ்வரம் தாமதமாக வருகிறது. பதிவின்போது என் விரல் வழுக்கியது, அவ்வளவுதான்.

"இந்த இடம்தான் தம்பி," என்றார். "காலைல எழுப்பினாலும் இப்படித்தான். புரண்டு படுத்துட்டு, அஞ்சு நிமிஷம் கழிச்சுத்தான் எந்திரிப்பான். சோம்பேறிக் கழுதை. வாசிப்புலயும் அதே புத்தி பாருங்க."

"அது தப்பும்மா. விரல் வழுக்கியிருக்கு. நாம சரியா வாசிச்சுக்கலாம்."

"அதுல கை வச்சீங்க, விரலை ஒடிச்சிடுவேன். அந்தத் தப்புதான் அவன். மத்ததை யார் வேணாலும் வாசிப்பாங்க."

தவறி வந்ததை வேண்டுமென்றே வரவைப்பது லேசான காரியமில்லை. எனக்கே வரவில்லை. பதினாறு வருடத்துக்கு முந்தைய என் வழுக்கலைத் திரும்பத் திரும்பக் கேட்டு, நானே படித்து, பிறகு அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஏழு மாதம் ஆனது.

* நெரெய்தாவைக் கொஞ்சம் இனிமையாக எழுதுகிறேனோ என்று சந்தேகம். நிஜத்தில் எரிச்சலூட்டுகிறவர். என் காப்பியைக் கழுநீர் என்பார். இன்னொன்று: முதல் அடியில் அவர் ஒருநாளும் மிதித்ததில்லை. மகனுக்கு வராதது அவருக்கு வந்தது. இதையும் நான் அவரிடம் சொல்ல முடியாது.

5

முடிவு, ஒன்று: உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவர் பேஸை உறைக்குள் வைத்து, மெமரி ஸ்டிக்கை என் மேசைமேல்... (இதை எழுதும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதனால் கிழித்துப்போட்டேன்.)

முடிவு, இரண்டு: சொல்லவில்லை. முற்றத்தில் அவர் வாசிக்கிறார், எல்லோரும் அழுகிறார்கள், நான் பின்னால் பெருந்தன்மையோடு நிற்கிறேன். (எனக்கு ஏது பெருந்தன்மை? கைதட்டும்போது பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன்.)

6

நேற்று கடைசி வகுப்பு. முழுப் பாட்டையும் தடங்கலில்லாமல் வாசித்தார். மூன்றாவது சுற்றில் அந்த ஸ்வரம் அதே அளவு தாமதித்து வந்தது. நான் அலமாரியிலிருந்து காதை எடுத்தேன்.

"ஒண்ணு கேட்பேன், மழுப்பாம சொல்லணும். அவன் நல்லா வாசிச்சானா?"

"என்னம்மா இப்படிக் கேட்கிறீங்க..."

"அம்மாவா கேட்கல. ஏழு மாசமா அந்தப் பாட்டுக்குள்ளேயே கிடந்திருக்கேன், வாசிக்கிறவளா கேட்கிறேன். இப்படி வாசிச்சவன் உயிரோட இருந்திருந்தா, பெரிய ஆளா வந்திருப்பானா?"

இப்படி வாசித்தவன் உயிரோடுதான் இருக்கிறான். நாற்பத்தாறு வயது. பெரிய ஆளாக வரவில்லை.

"யோசிச்சு சொல்றேம்மா" என்று அனுப்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் கூடுகிறார்கள். அதற்கு முன் பதில் கேட்டு வருவார். இதற்குமேல் என்னால் எழுத முடியவில்லை. அவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று நீங்கள் எழுதுங்கள். எதை எழுதினாலும், வாசித்தவன் நன்றாகத்தான் வாசித்தான் என்று தனியாக ஒரு வரி சேருங்கள். அதை அவரிடம் காட்ட மாட்டேன். அது எனக்கு.