குளியலறை நதி

பசுமைப் பாணர் என்பது ஊர் அவருக்குக் கொடுத்த பட்டமல்ல. அழைப்பிதழ் அடிப்பவரிடம் அவரே சொல்லிப் போடவைத்தது. கிதாரும் கையுமாகப் பள்ளி பள்ளியாகப் போய், மரம் மண் என்று பாடியே பாடம் நடத்துவார். பிள்ளைகள் விழுந்து விழுந்து கைதட்டுவார்கள். கணக்கு வகுப்பு ஒழிந்த சந்தோஷம் என்பது அவர் மனைவியின் கணிப்பு.

இந்த முறை தண்ணீர்ச் சிக்கனப் பாட்டு. பின்னணியில் நதி ஓட வேண்டுமாம். ஆற்றங்கரைக்குப் போன மனிதர் போன சுருக்கில் திரும்பினார்.

“அந்த நாத்தத்துல எப்படிம்மா பாட்டு வரும்? சத்தமே கொழகொழன்னு இருக்கு,” என்றார் மனைவியிடம்.

மறுநாள் காலையிலேயே மைக்கோடு குளியலறைக்குள் புகுந்து தாழ் போட்டுக்கொண்டார். பல்லவிக்குக் குழாய், சரணத்துக்கு ஷவர். ஓசை கம்மியாக இருந்தால் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் திறந்துவிட்டார்.

அடுத்த அறையில், படுத்த படுக்கையாகிவிட்ட தன் அப்பாவுக்கு மனைவி மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா, மாப்பிள்ளை ஆத்தை வீட்டுக்குள்ளயே கொண்டாந்துட்டாரா?” என்று குலுங்கிச் சிரித்த அப்பாவின் முகம் சட்டென்று சுருங்கியது. “அம்மாடி... படுக்கையிலயே போயிட்டேன்மா.”

“அதுக்கென்னப்பா, இதோ.”

அவர் இடுப்புக்குக் கீழே படுக்கைப்புண் இருந்தது. அதில் அசிங்கம் பட்டால் சீழ் பிடித்து உயிருக்கே உலை வைத்துவிடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அவள் சமையலறைக்கு ஓடிக் குழாயைத் திருகினாள். ஏப்பம் விட்டுவிட்டு அடங்கியது.

குளியலறைக் கதவைத் தட்டினாள்.

“உஷ்! டேக் போயிட்டிருக்கு!”

ஷவரும் இருமிவிட்டு நின்றது. பாணர் எட்டிப்பார்த்தார்.

“ஏன் மூடுன?”

“நான் எங்க மூடுனேன்? தொட்டி காலி. இனி நாளைக்குத்தான் தண்ணி. அப்பாவைக் கழுவணும்.”

“அடடா, கடைசிச் சரணம் பாக்கி இருக்கே!” என்றவரின் முகம் உடனே மலர்ந்தது. “ஏய், இதுவும் ஒரு படிப்பினைதான். பிள்ளைங்ககிட்ட சொன்னா உருகிடுவாங்க.”

அவள் திரும்பி நடந்தாள்.

கூடத்தில் பள்ளி நிகழ்ச்சிக்கென்று தண்ணீர் பாட்டில்கள் பெட்டி பெட்டியாக இறங்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் பாணர் கன்னத்தில் கைவைத்துப் பூமிக்காகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். ஒரு பெட்டியை அவள் பிரித்தாள்.

“ஐயோ, சிறப்பு விருந்தினருக்கு வந்தது! மேல என் படம் இருக்கு!”

“படம் நனைஞ்சா காஞ்சிடும். உள்ள வாங்க.”

“எனக்கு இதெல்லாம் பழக்கமில்லைம்மா...”

கழுவும் தண்ணீரை ஏந்த ஒரு பேசினை எடுத்து, அதன் ஒரு பக்கத்தை அவர் கையில் திணித்து, படுக்கையருகே இழுத்துப்போனாள். வெட்கத்தில் அப்பா கண்ணை மூடிக்கொண்டார். மாப்பிள்ளையும் மூடிக்கொண்டார்.

“அப்பா மூடிக்கட்டும்,” என்றாள் அவள், பாட்டிலைத் திருகியபடி. “நீங்க கண்ணைத் திறங்க. புண்ணு எங்க இருக்குன்னு பார்த்துப் பிடிங்க.”