பற்பசை அடைத்த ஓட்டைகள்

எங்கள் அறைச் சுவரைப் பார்க்கிறவர்கள் முதலில் சிரிப்பார்கள். தேவையில்லாத இடத்திலெல்லாம் ஓட்டை. கதவுக்குப் பின்னால், சன்னலுக்குப் பக்கத்தில், கட்டிலின் கால்மாட்டில். சிலவற்றில் கொக்கி இருக்கிறது, சிலவற்றில் ஒன்றுமே இல்லை. சிரிக்கட்டும். அவ்வளவையும் போட்டவர் என் அப்பா. அவரிடம் நேரில் நன்றி சொல்ல எனக்கு வராது. எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் அந்த வார்த்தையைச் சொல்லிப் பழகவில்லை. அதனால்தான் எழுதிவைக்கிறேன்.

சிரம்பானுக்குப் பக்கத்தில் மம்பா என்ற ஊரைத் தாண்டி உள்ளே போனால் வரும், எண்ணெய்க்காகச் செம்பனை வளர்க்கும் ஒரு தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்றால் நாங்கள் வேலை செய்த தோட்டம், அவ்வளவுதான். அப்பா வீரமுத்து இன்னும் அங்கேதான் குலை வெட்டுகிறார். அம்மா மங்கம்மா சிரம்பானில் ஒரு கிளினிக்கைக் கூட்டித் துடைக்கிறார். நான் மாதவி, குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். சிரம்பானில் ஓர் அலுவலகத்தில் வேலை. தங்கை உமாவுக்கு இந்த வருடம் பள்ளி இறுதியாண்டு எஸ்.பி.எம். பரீட்சை. போன வருடம் வரை லயத்தில், கம்பெனி கொடுத்த கூலிக் குடியிருப்பில் இருந்தோம். இப்போது தோட்டத்தின் ஓரத்தில் தொழிலாளர்களுக்கென்று கட்டி விற்ற வரிசை வீடுகளில் ஒன்று எங்களுக்குச் சொந்தம். பத்திரத்தில் அப்பா பெயரும் என் பெயரும் இருக்கின்றன. பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் வரும் சண்டைக்கு அது வேண்டும்.

லயத்து வீட்டைக் கம்பெனி 'இலவச வீடு' என்று சொல்லும். கூலியைக் குறைத்துவிட்டு வீடு இலவசம் என்றால் என்ன அர்த்தம் என்று கேட்க எனக்குப் படித்த பிறகுதான் தெரிந்தது. இலவசமாக வந்ததில் ஆணி அடிக்கக்கூடாது. அது தோட்டத்துச் சட்டம். வீடு மாறும்போது தோட்ட ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வந்து சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். ஓட்டை தென்பட்டால் சம்பளத்தில் பிடிப்பார்கள். அதனால் லயத்தில் எல்லா வீட்டிலும் ஒரே வழக்கம்: காலி செய்வதற்கு முந்தின நாள் பற்பசையைப் பிதுக்கி ஓட்டைகளை அடைத்து, காய்ந்ததும் ஈரத் துணியால் துடைத்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் அந்த வேலையும் அதிகம் கிடையாது. அப்பா ஆணி அடிக்கிற ஆள் இல்லை. துணிக்கு, சன்னல் கம்பிக்குக் கம்பி கட்டிய கயிறு. உமாவும் நானும் ஹாலில் பாய் போட்டுப் படுத்தோம். எங்கள் உடைமைகளெல்லாம் அப்பா அம்மாவின் கட்டிலுக்கு அடியில் பிளாஸ்டிக் பெட்டிகளில் கிடந்தன. முருகன் படம்கூட மேசைமேல் சாய்ந்துதான் நின்றது.

ஆகவே புது வீட்டில் எங்கள் இருவருக்கும் ஓர் அறை என்றபோது, கதவைச் சாத்திவிட்டு நான் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். சாத்துவதற்கு ஒரு கதவு இருந்ததே போதுமாக இருந்தது.

உமாவுக்குப் போதவில்லை. கைத்தொலைபேசியில் அறை அலங்காரக் காணொளிகளாகப் பார்த்துத் தள்ளினாள். அதில் வரும் அறைகளில் எங்கள் வீடு மொத்தத்தையும் வைத்து, மீதி இடத்தில் ஆடு கட்டலாம். எங்கள் அறையில் இரண்டு ஒற்றைக் கட்டில் போட்டால் நடுவில் ஒரு சின்ன மேசைக்குத்தான் இடம். மேசைமேல் புத்தகம் அடுக்கினால் எழுத இடமிருக்காது. எழுத இடம் வேண்டுமென்றால் புத்தகம் சுவரில் ஏற வேண்டும். அதுதான் கணக்கு.

"அக்கா, ஒன் பக்கம் ஆஸ்பத்திரி மாதிரி வெள்ளையா இருக்கட்டும். எம் பக்கம் நீலம்" என்றாள்.

"நடுவுல கோடு கிழிச்சிடலாமா?"

"கிழி லா. ஆனா நீ விடுற கொறட்ட கோட்டத் தாண்டாம பாத்துக்க."

அப்பா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அறைக்குள் வரவில்லை. "சொவத்துல மட்டும் கை வெக்காதீங்க" என்றார்.

"பெயிண்ட் அடிக்கணுமேப்பா."

"பெயிண்ட் அடிங்க. ஆணி கீணி வேணாம்."

பெயிண்டைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டு, முதலில் அவர் சொன்னபடி ஆணி இல்லாமல்தான் முயன்றோம். முதுகில் பசை உள்ள கொக்கிகளை வாங்கி ஒட்டினோம். மத்தியான வெயிலில் சுவர் சூடேறியதும் உமாவின் பள்ளிச் சீருடையோடு அத்தனையும் பொத்தென்று விழுந்தன.

"கொக்கியும் ஒன்ன மாதிரியேக்கா" என்றாள் உமா. "சூடு ஏறுனா ஒரு எடத்துல நிக்காது."

மறு ஞாயிற்றுக்கிழமை நான் சிரம்பான் பக்கம் லோபாக்கில் ஓர் இரும்புச் சாமான் கடைக்குப் போய்க் காங்கிரீட் ஆணியும் ஒரு பலகையும் அதைத் தாங்க இரண்டு இரும்புக் கைகளும் வாங்கி வந்தேன். சுத்தியலுக்குப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். ராமகிருஷ்ணன் அங்கிள் அப்பாவோடு வேலை செய்கிறவர், டிராக்டர் ஓட்டுகிறவர். லயத்திலும் எங்களுக்குப் பக்கத்து வீடுதான். இங்கேயும் எங்கள் அறைக்கும் அவர் ஹாலுக்கும் ஒரே சுவர்.

"எதுக்கும்மா சுத்தியல்?"

"ஆணி அடிக்க அங்கிள்."

"சொவத்துலயா?" குரலைத் தாழ்த்தினார். "அப்பாக்குத் தெரியுமா?"

அவர் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தேன். அவர் வீட்டுச் சுவரும் மொட்டையாக இருந்தது. நாள்காட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

அப்பா கோயில் கூட்டத்துக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து அடித்துவிட்டேன். நான்கு ஆணி. பலகை கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்தது, ஆனால் நின்றது. உமா புத்தகங்களை அடுக்கி, ஓரத்தில் படிக்கிற விளக்கைக் கவ்வ வைத்தாள். மேசை காலியானது. நோட்டை விரித்து, இரண்டு முழங்கையையும் அகலமாக ஊன்றி உட்கார்ந்தாள். அவள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. தரையில் குப்புறப் படுத்தேதான் இவ்வளவு நாளும் படித்தாள்.

மறுநாள் வேலை முடிந்து வந்தபோது பலகை சுவரோரம் தரையில் நின்றது. கீறல் விழாதபடி செய்தித்தாளில் சுற்றப்பட்டிருந்தது. புத்தகங்கள் வரிசை குலையாமல் கட்டில்மேல் இருந்தன. சுவரில் நான்கு வெள்ளைப் பொட்டுகள். கிட்டே போனேன். புதினா வாசனை அடித்தது.

அப்பா வீட்டுக்குப் பின்னால் அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தார்.

"ஆணிய நீங்களாப்பா புடுங்குனீங்க?"

"ம்."

"எதுக்கு?"

"சொவரு கெட்டுப் போவுது."

"யாரு சொவரு?"

கல்மேல் ஓடிய அரிவாள் நின்றது. "நம்ம சொவருதான்."

"அப்பறம் என்னா?"

"நாளைக்கு யாராச்சும் வந்து கேட்டா?"

"யாருப்பா வருவாங்க? கிராணியா? வந்தா எங்கிட்ட அனுப்புங்க. பத்திரத்துல என் பேரு இருக்கு, ஒங்க பேரு இருக்கு. கிராணி பேரு இல்ல."

அவர் குனிந்து மறுபடி அரிவாளைத் தீட்டத் தொடங்கினார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. திட்டினால் திருப்பித் திட்டலாம். சொந்த வீட்டில் திருட்டுத்தனமாகக் குடியிருக்கிறவரைப்போல அவர் தலையைக் குனிந்துகொண்டால் நான் யாரோடு சண்டை போடுவது?

"சரி, இங்க ஒங்க சொவத்த நீங்களே பாத்துக்குங்க. நான் உமாவக் கூட்டிக்கிட்டு சிரம்பான்ல ரூம்பு எடுத்துப் போயிடுறேன். அவளாச்சும் மேசையில ஒக்காந்து படிக்கட்டும்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை காலியாக இருப்பதாக அலுவலகத்தில் ஒருத்தி ஏற்கெனவே சொல்லியிருந்தாள்.

"வாடக ரூம்புல ஆணி அடிக்க சத்தியமா விட மாட்டாங்கக்கா" என்றாள் உமா, சமையலறைக் கதவருகில் நின்றபடி.

"நீ வாய மூடு."

அம்மா பாத்திரம் கழுவிய கையோடு வெளியே வந்தார். "போறவங்க போங்க. ஆனா மாதவி, ஒன்னு கேட்டுட்டுப் போ. ஃபார்ம் ஃபைவ் படிக்கிறப்போ ஒன் தலைக்கு மேல வெளக்கு தொங்குச்சே, அது எதுல தொங்குச்சி?"

"ஆணில."

"யாரு அடிச்சது?"

"அப்பா."

"அதுக்கு இவர தோட்டத்து ஆபீஸ் வாசல்ல வெயில்ல நிக்க வெச்சாங்க. தெரியுமா ஒனக்கு? சம்பளம் வாங்க வந்த சனமெல்லாம் பாத்துச்சி. ஆணியப் புடுங்கு, இல்ல வீட்டக் காலி பண்ணுன்னாங்க. இவரு, புள்ள படிச்சி முடிக்கட்டும், நானே புடுங்கி அடச்சித் தரேன்னு சொல்லிட்டு வந்துட்டாரு. எத்தன தடவ கூப்புட்டாங்க. புடுங்கலயே."

"இப்ப எதுக்கு அந்தக் கத" என்றார் அப்பா.

அந்த ஆணியை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் லயத்து வீட்டில் இருந்த ஒரே ஆணி. வீட்டுச் சுவரின் மேல்பாதி பலகை, அதில் அடித்திருந்தார். அதிலிருந்து நீளமான வயரில் ஒரு குண்டு பல்பு தொங்கும். பச்சை பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்து அதற்குத் தொப்பி செய்திருந்தார் அப்பா. எஸ்.பி.எம்.முக்கும் அதற்குப் பிறகு ஃபார்ம் சிக்ஸுக்கும் அந்த வெளிச்சத்தில்தான் படித்தேன். பல்கலைக்கழக விடுமுறையில் வந்தபோதும் அது அங்கேயே இருந்தது. ஆபீஸில் அனுமதி வாங்கியிருப்பார் என்று நினைத்திருந்தேன். அனுமதி வாங்காமல் எதையும் செய்கிற ஆளா அவர்?

எனக்குக் கோபம் போகவில்லை. அப்பாவை வெயிலில் நிறுத்தியவனைத் தேடிப் போய்க் கேட்க வேண்டும்போல இருந்தது. ஆனால் அப்பாவைப் பார்த்துக் கத்த வாய் வரவில்லை. உள்ளே போய் அலுவலகத் தோழிக்கு, அறை வேண்டாம் என்று செய்தி அனுப்பினேன். பலகையைத் தொடவில்லை. உமா அந்த வாரம் முழுக்கத் தரையில்தான் படித்தாள். அவள் முணுமுணுக்கவும் இல்லை. அதற்காக அவளுக்கும் ஒரு நன்றி பாக்கி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பசியாறி முடித்ததும் அப்பா எங்கள் அறைக்குள் வந்தார். வாசற்படியில் நிற்கவில்லை, உள்ளேயே வந்தார். கையில் அவருடைய பிஸ்கட் டின். அதில்தான் திருகாணி, பழைய வாஷர் எல்லாம் போட்டுவைப்பார். அதைக் கிளறி ஒரு துருப்பிடித்த ஆணியை எடுத்தார். எதுவென்று எனக்குத் தெரிந்துவிட்டது. லயத்தைக் காலி செய்த அன்று, வாக்குக் கொடுத்தபடி பிடுங்கியிருக்கிறார், தூக்கிப் போடவில்லை.

"வெளக்கு எங்க வரணும்?" என்று உமாவைக் கேட்டார்.

அவள் காட்டினாள். அவர் ஆணியைச் சுவரில் வைத்து ஓர் அடி அடித்தார். ஆணி வளைந்தது. நிமிர்த்தி மறுபடி அடித்தார். இன்னும் வளைந்தது. பலகையில் ஏறிய ஆணி கல் சுவரில் எப்படி ஏறும்?

"அப்பா, ஆணி குனிஞ்சி கும்புடு போடுதுப்பா" என்றாள் உமா.

அப்பா ஆணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார். அவர் பல் தெரியச் சிரிப்பது அபூர்வம். ஆணியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனவர், டிரில் மெஷினோடும் அதன் சொந்தக்காரரான ராமகிருஷ்ணன் அங்கிளோடும் திரும்பி வந்தார்.

"எங்க வாங்குனீங்க அங்கிள், புத்தம் புதுசா இருக்கு?" என்று கேட்டேன்.

"வீடு கெடச்சப்ப ஆசையா வாங்குனேம்மா. இன்னும் பெட்டியத் தொறக்கல." அப்பாவின் பக்கம் திரும்பினார். "ஓட்ட போட்டா ஒன்னும் கேக்க மாட்டாங்களாண்ணே?"

அப்பா சுவரைப் பார்த்தபடி சொன்னார்: "யாரு கேப்பா? எங்க வீடு."

முதல் ஓட்டை கோணலாக விழுந்தது. செங்கல் தூள் அவர் புருவத்தில் படிந்தது. இரண்டாவது பரவாயில்லை. பலகை ஏறியது, விளக்கு ஏறியது. நாங்கள் முடிந்தது என்று நினைத்தோம்.

"வேற எங்க?"

"போதும்ப்பா."

"துணி மாட்ட?"

கதவுக்குப் பின்னால் ஒன்று. உமாவின் பைக்கு ஒன்று. கண்ணாடிக்கு ஒன்று, அது உயரம் தப்பியதால் கீழே இன்னொன்று. அம்மா எட்டிப் பார்த்து, "முருகன் படத்துக்கு ஒன்னு போடுங்க. கல்யாணம் ஆனதுலேருந்து சாஞ்சிக்கிட்டே இருக்காரு" என்றார்.

"பாவம், இடுப்பு புடிச்சிருக்கும்" என்றாள் உமா.

அப்பா ஹாலுக்கு மெஷினைத் தூக்கிக்கொண்டு போனார். முருகனை மாட்டிவிட்டு மறுபடி எங்கள் அறைக்கே வந்தார். காலியாக ஓர் இடம் கண்ணில் பட்டால் அங்கே ஓர் ஓட்டை. எதற்கென்று நாங்கள் கேட்கவில்லை. பின்னால் உதவும் என்று அவராகவே சொன்னார். நான் கட்டிலில் உட்கார்ந்து, தூள் கண்ணில் விழுந்ததுபோல் துடைத்துக்கொண்டேன். தூளும் விழுந்திருந்தது.

மத்தியானத்துக்கு மேல் நீலம் அடித்தோம். என் பக்கத்துக்கும் சேர்த்து நீலம்தான், விட்டுக்கொடுத்தேன். பற்பசை அடைத்த நான்கு பொட்டுகளைச் சுற்றி உமா தூரிகையை மெதுவாக ஓட்டினாள். அவற்றின்மேல் அடிக்காதே என்று நான் சொல்லவில்லை. அவளாகவே விட்டாள்.

சாயங்காலம் அவள் மேசையில் முழங்கையை ஊன்றி உட்கார்ந்திருந்தாள். விளக்கு எரிந்தது. திடீரென்று சுவர் அதிர்ந்தது, பலகையில் புத்தகங்கள் ஆடின. அந்தப் பக்கம் ராமகிருஷ்ணன் அங்கிள் தொடங்கிவிட்டார். நாள்காட்டிக்காக இருக்க வேண்டும்.

ஹாலில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த அப்பா எழுந்து வந்து, வளைந்த ஆணி இன்னும் கிடந்த சட்டைப் பையோடு எங்கள் சுவரின் முன் நின்றார். உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"டேய் ராமா, பாத்துப் போடு லா" என்று சத்தமாகச் சொன்னார். "இந்தப் பக்கம் எம் புள்ளைங்க ரூம்பு."