கட்டைவிரல் பார்த்த வேலை

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை எழுத உட்கார்ந்ததே என் மனைவியைக் கேலி செய்யத்தான். சாப்பாட்டு மேசையில் பாதியை அவளுடைய கம்பிகள் பிடித்துக்கொண்டன. தட்டு வைக்க இடமில்லாதவன் வேறென்ன செய்வான், கதைதான் எழுதுவான்.

முதல் தொடக்கம்: “இந்தக் கணினி யுகத்தில் மனித உறவுகள்...” (சகிக்கவில்லை. அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: “அவள் ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டை...” சின்னது என்றால் தீப்பெட்டி அளவு. அதற்குள் நிரலை ஏற்றினால் விளக்கை எரிக்கும், மோட்டாரைச் சுழற்றும். பொழுதுபோக்காக இதை நோண்டுகிறவர்கள் ஏராளம்.* ஆனால் அவர்கள் நிரல் எழுதும் கட்டற்ற (யாரும் எடுக்கலாம், திருத்தலாம்) மென்பொருளுக்கு இந்தப் போர்டை அடையாளம் தெரியாது. தெரிய வைப்பதுதான் அவள் வேலை. சம்பளம் கிடையாது.

* என் மைத்துனி செடிக்குத் தண்ணீர் விட ஒன்று செய்து வைத்திருக்கிறாள். செடியைத் தவிர எல்லாம் நனைகிறது.

2.

கதைக்கு ஒரு வில்லன் வேண்டும். அந்த மென்பொருளில் எதைச் சேர்ப்பது என்று முடிவெடுப்பவரை நிறுத்திப் பார்த்தேன். நாங்கள் பார்த்தே இராத மனிதர். வீட்டில் அவருக்குப் பெயர் வாசல்காரர். அவள் அனுப்பியதற்கு அவர் எழுதிய பதில்: “என்னிடம் நிரல் ஏறவில்லை. சோதித்த மற்றவர்களிடமும் ஏறவில்லை. உங்களிடம் மட்டும் ஓடுவதை எப்படிச் சேர்ப்பது? அடுத்த பதிப்பு வெளிவருவதற்குள் சரியாகாவிட்டால் உங்கள் கோரிக்கையை மூடிவிடுகிறேன்.” நியாயமாகத்தான் பேசுகிறார். வில்லனாக லாயக்கில்லை.

அவளுக்குத்தான் முகம் தொங்கிப்போனது. “ஆபீஸ்ல நான் எழுதினதெல்லாம் அவங்ககிட்ட பூட்டிக் கிடக்கு. யார் வேணா எடுத்துக்கிற மாதிரி ஒண்ணாவது செய்யணும்னு ஆசைப்பட்டேன். இங்க பாருங்க, ஏறுது. அங்க ஏன் ஏறல?”

எனக்குப் பாவமாக இருந்தது. கேலிக் கதையைத் தொடர மனம் வரவில்லை. (தொடர்ந்தேன்.)

3.

பாத்திரத்துக்கு உயிர் வர வேண்டுமானால் கையைக் கவனிக்க வேண்டும் என்பது என் கட்சி. எதிரில் உட்கார்ந்து கவனித்து எழுதினேன்: “வலது கை மவுஸைத் தட்டும்போதே இடது கட்டைவிரல் போர்டின் ஓரத்துப் பொத்தானை ஒருமுறை அமுக்கிவிடுகிறது, குழந்தையின் மூக்கைத் துடைத்துவிடுவதுபோல.”

உவமை அதிகமோ என்று கேட்க அவளிடமே நீட்டினேன்.

“நான் எங்க அமுக்குறேன்?”

“ஒவ்வொரு தடவையும் அமுக்குற.”

“சும்மா அடிச்சு விடாதீங்க.”

“கைய மடியில வச்சுக்கிட்டு ஏத்து, பாப்போம்.”

ஏற்றினாள். ஏறவில்லை.

அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. (நாய் கற்பனை. சத்தம் நிஜம்.) விஷயம் இதுதான்: நிரலை வாங்கிக்கொள்ளும் முன் போர்டு ஒருமுறை அணைந்து எழ வேண்டும் (அந்தப் பொத்தானை அமுக்கினால் நடப்பது அதுதான்). அதை மென்பொருளே செய்ய வேண்டும். அவள் அந்தப் பகுதியை எழுதவே இல்லை. முன்பு வைத்திருந்த போர்டுகளில் கையால் அமுக்கிப் பழகிய கட்டைவிரல், யாரும் கேட்காமலே அந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. வாசல்காரரிடம் அந்த விரல் இல்லை.

4.

விட்டதை எழுதிச் சேர்த்தாள். இரண்டு கைகளையும் கக்கத்தில் செருகிக்கொண்டு, “நீங்களே தட்டுங்க” என்றாள். தட்டினேன். போர்டின் விளக்கு எரிந்தது. அவள் உடனே வாசல்காரருக்கு அனுப்பிவிட்டாள்.

இனி முடிவு.

(அ) அவர் ஏற்றுக்கொள்கிறார். “எழுதித் தொலைக்காதீங்க, நடக்காமப் போயிடும்” என்கிறாள்.

(ஆ) மறுக்கிறார். “உங்க வாயில நல்லதே வராதா?” என்று சொல்லிவிட்டுத் துணி உலர்த்தப் போய்விட்டாள்.

(இ) அவர் யோசித்து...

யோசித்து முடித்துவிட்டார் போலிருக்கிறது. அவள் மடிக்கணினி ‘டிங்’ என்றது. வாசல்காரரின் பதில். திரை என் பக்கம்தான் திரும்பியிருக்கிறது. கொஞ்சம் கழுத்தை நீட்டினால் கதைக்கு முடிவு கிடைத்துவிடும். எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன அதிர்ஷ்டம் வேண்டும்?

மெல்ல மூடிவைத்தேன். உங்கள் அவசரம் புரிகிறது. ஆனால் அவளுக்கு முன்னால் எனக்கோ உங்களுக்கோ அது தெரிவது நியாயமில்லை. குரல் கொடுத்திருக்கிறேன். ஈரக் கையோடு ஓடி வருகிறாள். நீங்களும் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள்.