ஓடுகிறது என்றான் ஜெரார்ட்

அற்புதமேரி முப்பது வருடம் தேவாலயப் பாடகர் குழுவில் பாடியவள். அவள் இறந்தபின் பழைய கேசட்டுகளையெல்லாம் மகன் ஜெரார்ட் கணினியில் ஏற்றினான். பூஞ்சை பிடித்த நாடாக்கள் ஒருமுறை பாடியதோடு சரி. குப்பைக்குத்தான் போயின.

சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக்கில் அப்பா இயேசுதாசன் தனியாக இருந்தார். அங்கிருந்த தன் பழைய கணினிக்குள் மென்பொருளாலேயே ஆன ஒரு மெய்நிகர் கணினியை அமைத்து, அதில் பாட்டுகளை வைத்தான் ஜெரார்ட். காலையில் அப்பா டேப்லெட்டைத் தொட்டால் அம்மா பாடுவாள். இன்னொரு பிரதி எடுக்க வேண்டுமென்று நினைத்துக்கொண்டே இருந்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை அப்பா கூப்பிட்டார்.

"தம்பி, அம்மா பாட்டு வரமாட்டேங்குது."

டோபி காட் அலுவலகத்தில் மீட்டிங்குக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவன், நின்றபடியே அந்தக் கணினியோடு இணைந்து ஒரு வரிக் கட்டளையைத் தட்டினான். ‘ரன்னிங்’ என்று வந்தது.

"ஓடுதுப்பா, ஓகே லா. டேப்லெட்ட ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க."

மெய்நிகர் கணினி இயங்குகிறதா என்பதை மட்டுமே அந்தக் கட்டளை சொல்லும். உள்ளே பாட்டு இருக்கிறதா என்று சொல்லாது. ஜெரார்டுக்கு அது தெரியும். அப்பா இன்னும் இரண்டு முறை கூப்பிட்டார். இரண்டு முறையும் அதே கட்டளை, அதே பதில். அவன் வீடு சுவா சூ காங்கில், அப்பா வீட்டிலிருந்து இரண்டே ஸ்டேஷன் தள்ளி.

மூன்றாவது ஞாயிறு போனான். உள்ளே ஒரு கோப்பும் திறக்கவில்லை. ஹார்ட் டிஸ்க் கீச்சிட்டுக்கொண்டிருந்தது. அதைக் கழற்றி, டிஸ்க்குகளிலிருந்து கோப்புகளை மீட்டுத் தரும் ஜாஃபரிடம் மறுநாள் கொண்டுபோனான்.

"சத்தம் வந்த அன்னிக்கே நிறுத்தியிருந்தா எடுத்திருக்கலாம் பிரதர். விடாம ஓடி முழுக்கத் தேஞ்சு போச்சு."

சாயங்காலம் அப்பாவிடம் சொன்னான்.

"நான் தெனமும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணேனே தம்பி. அதான் கெட்டுப்போச்சா?"

"இல்லப்பா. நீங்க ஒண்ணும் பண்ணல. நான்தான் வந்து பாக்கல."

"ஒரு பாட்டுகூட இல்லையா?"

"இல்லப்பா."

இயேசுதாசன் மெல்லிய குரலில் அம்மாவின் பாட்டொன்றைப் பாட ஆரம்பித்தார். இரண்டாவது அடியில் நின்றுவிட்டார்.

"இந்த எடத்துல அம்மா மேல போவாளா, கீழ வருவாளா?"

ஜெரார்ட் யோசித்தான். அவனுக்கும் நினைவில்லை.