நூற்றெட்டில் ஓடிய கம்ப்யூட்டர்

உமா மகேஸ்வரிக்கு அழக்கூடத் தெம்பில்லை. திரையில் மஞ்சுவின் கல்யாண வீடியோ பச்சைப் பச்சைக் கட்டமாக உடைந்து கிடந்தது. மாப்பிள்ளையின் கை தெரிந்தது, தாலி தெரியவில்லை. நாதஸ்வரம் பாதியில் அறுந்து கரகரத்தது. கேமரா கார்டிலிருந்து மறுபடி எடுக்கலாம் என்றால், அதை அழித்துக்கொண்டுதான் அவள் வீட்டுக்காரர் கோமதிசங்கர் கல்யாணத்தன்று சாயந்தரமே ஆலங்குளத்தில் இன்னொரு வரவேற்பைப் பிடிக்க ஓடியிருந்தார். ஆனி முகூர்த்தம் நெருக்கியடிக்கும்போது கார்டுக்கு ஏது ஓய்வு?

மேலகரத்தில் அவர்களுக்குச் சின்ன ஸ்டூடியோ. அவர் படம் பிடிப்பார், இவள் உட்கார்ந்து வெட்டி ஒட்டுவாள். யார் வந்து கேட்டாலும் மனுஷர் தலையாட்டிவிடுவார். ஆட்டிய தலைக்கு வலியில்லை, இவள் முதுகுதான் விட்டுப்போகும்.

மஞ்சுவின் தம்பி இசக்கிதுரை ராணுவத்தில் இருந்தான். அக்கா கல்யாணத்துக்கு லீவு கிடைக்கவில்லை. "தாலி கட்டுத இடத்த மட்டும் முதல்ல அனுப்பிருங்கக்கா" என்று எல்லையிலிருந்து தினமும் போன். இவளும், "இன்னைக்கு அனுப்பிருதேன் தம்பி" என்று வாக்குக் கொடுத்திருந்தாள்.

கேபிளை மாற்றினாள். வேறு சாப்ட்வேரில் திறந்து பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, செட்டிங்குக்குள் நுழைந்தபோதுதான் கண்ணில் பட்டது. கம்ப்யூட்டர் ஓடும் வேகத்தைத் தீர்மானிக்கிற அடிப்படைக் கிளாக், நூறில் இருக்கவேண்டியது, நூற்றெட்டில் நின்றது.

நனைந்த கேமரா பையோடு உள்ளே வந்தார் சங்கர்.

"இத யாரு தொட்டா?" என்றாள் உமா.

"நாந்தான். ஸ்லோவா இருக்குன்னு நீதானே அலுத்துக்கிட்ட? பழைய போர்டு, புராசசர மட்டும் தனியா ஏத்த வழியில்ல. அதான் கிளாக்கையே ஏத்துனேன். நூத்தஞ்சுல நல்லா ஓடிச்சு. அப்புறம் நூத்தெட்டு வச்சேன், ராசியான நம்பருல்லா!"

"ஒண்ணும் ஆவாதுன்னு எப்படி நினைச்சீங்க?"

"சூடு ஏறுனாத்தான ஆபத்து? ஜன்னலத் தொறந்தா குத்தாலத்துச் சாரல் காத்து வருது. பாத்துக்கிட்டேதான் இருந்தேன், ஏறவே இல்ல."

அவளுக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. அவ்வளவு அலுப்பு.

"புராசசர் தாங்கிட்டுதான். ஆனா ஹார்ட் டிஸ்க்குக்குப் போற வழியும் அதே கிளாக்குலதான் ஓடுது. அதுக்கு நூறுக்கு மேல ரொம்பத் தாங்காது. அதையும் சேத்து வெரட்டிட்டீங்க. அதுக்கப்புறம் கார்டுலருந்து ஏத்துனது பூராம் தப்புத்தப்பா ஏறிக் கெடக்கு."

"எர்ரர் ஒண்ணும் காட்டலியே?"

"காட்டாது. முடியலன்னு சொல்லத் தெரியாம, கொடுத்தத எல்லாம் வாங்கி எழுதிக்கிட்டே இருந்திருக்கு. என்னைய மாதிரி."

சொன்ன பிறகுதான் கடைசி வார்த்தை அவளுக்கே உறைத்தது. சங்கர் பையைக் கீழே வைக்காமல் நின்றார்.

"கார்டு கெட்டுப்போச்சுன்னு சொல்லிருவோம்" என்றார் மெதுவாக.

பொய் சொன்னால் அதைக் காப்பாற்ற வேறு உழைக்க வேண்டும். அதற்கு அவள் உடம்பில் தெம்பில்லை. கிளாக்கை நூறுக்கே இறக்கினாள். உடைந்தது உடைந்ததுதான். கல்யாணத்துக்கு முந்தின நாள், அவர் கைவைப்பதற்கு முன்னால் ஏற்றிய மாப்பிள்ளை அழைப்பு மட்டும் துல்லியமாக இருந்தது. அதை ஓடவிட்டாள். மாப்பிள்ளைக்கு மோதிரம் போடவேண்டியது பெண்ணின் தம்பி. அந்த இடத்தில் பெரியப்பா மகன் மணிமுத்து நின்று போட்டுக்கொண்டிருந்தான்.

இசக்கிதுரையின் போன் வந்தது. உமா நடந்ததை அப்படியே சொன்னாள்.

"ஒண்ணுமே இல்லியாக்கா?"

"மாப்பிள்ளை அழைப்பு இருக்கு தம்பி. மோதிரம் போடுத இடம்..."

"மணிமுத்து போட்டான்லா?"

"ஆமா."

"அத அனுப்புங்கக்கா. என் இடம் சும்மா கெடக்கலன்னாவது பாத்துக்கிடுதேன்."

அனுப்பினாள். பழைய வேகத்தில், ஊர்ந்து ஊர்ந்து போனது. பாதி போவதற்குள் சங்கரின் போன் அடித்தது. ஆவணிக்கு ஒரு கல்யாணம். வழக்கம்போல ஆடத் தொடங்கிய தலையை நிறுத்தி, போனைக் கையால் பொத்திக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"என்ன சொல்ல?"

"முடியாதுன்னு சொல்லுங்க" என்றாள் உமா.