சூடேறாத சக்கரம்

1983 டிசம்பர். அன்று காலை ரிட்ஜ் ரோட்டில் பனிமூட்டம் ஒரு லாரி நீளத்துக்கு அப்பால் எதையும் காட்டவில்லை. கருப்பசாமி ஓட்டிவந்த லாரியின் பின்னால் ஜெனரேட்டர் ஏற்றிய ட்ரெய்லர். சாணக்யபுரியில் ஒரு விருந்தினர் மாளிகைக்குச் சாயங்காலத்துக்குள் அது போய்ச்சேர வேண்டும்.

இறக்கம் தொடங்கியதும் பிரேக்கை மிதித்தான். முதுகில் கைவைத்துத் தள்ளுவதுபோல் பின்னாலிருந்து ஓர் இடி. இன்னொரு முறை மிதித்தான். கண்ணாடியில் ட்ரெய்லரின் வால் வலப்பக்கமாக வீசிவிட்டு உள்ளே போனது.

"என்னண்ணே, ரோடு சரியில்லையா?" என்றான் மாசிலாமணி. ஜெனரேட்டரை இயக்கும் எலெக்ட்ரீஷியன் அவன். சரோஜினி நகரில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்துக் குவார்ட்டர்ஸ்.

"ரோடு இல்லடா. பின்னாடி பிரேக்கு."

ஓரமாக நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் கொடுத்துவிட்டு ட்ரெய்லரின் பிரேக் டிரம்களைத் தொட்டுப் பார்த்தான். இடது டிரம் கையைச் சுட்டது. வலதுபக்கம் சில்லென்றிருந்தது. குனிந்து பார்த்தான். உள்ளிருந்து கிரீஸ் ஒழுகி டயரின் உட்புறமெல்லாம் வழிந்திருந்தது.

"ஒரு பக்கந்தான் பிடிக்குது. பிரேக் அடிச்சா ட்ரெய்லர் சுத்தி நம்மளையும் உருட்டிரும்."

"அப்ப இங்கயே கிடக்கட்டும்ணே. நடந்துபோய் ஆபீசுக்குப் போன் பண்ணுவோம்."

அவன் சொல்லி முடிக்கவில்லை. பனிக்குள்ளிருந்து ஒரு பஸ் முளைத்தது. இருவரும் முட்புதருக்குள் பாய்ந்தார்கள். ட்ரெய்லரை உரசாத குறையாகத் திருப்பிக்கொண்டு போய் மறைந்தது. வண்டி நிற்பது சரியான வளைவு. அடுத்து வருகிறவனும் இப்படித் திருப்புவான் என்று என்ன நிச்சயம்?

கருப்பசாமி யோசித்தான். கீழே சமதளம் ரொம்ப தூரமில்லை. ட்ரெய்லரின் பிரேக்குக்குக் காற்று போகும் குழாயை அடைத்துவிட்டால் இடது சக்கரமும் பிடிக்காது; வால் வீசாது. லாரியின் பிரேக்கும் முதல் கியரும் மட்டும் சுமையைத் தாங்க வேண்டும்.

"இந்தச் சிவப்புத் துணியை ஆட்டிக்கிட்டு நீ முன்னாடி நட. சைக்கிள்காரன் எவனும் ஏறி வரக் கூடாது."

மாசிலாமணி அவன் முகத்தைப் பார்த்தான். "தாங்குமாண்ணே?"

"தாங்கும்."

குழாயை அடைத்துவிட்டு ஊர்ந்துதான் இறங்கினான். முன்னால் சிவப்புத் துணி கொஞ்ச நேரம் தெரிந்தது, பிறகு பனி அதை விழுங்கிவிட்டது. பாதி இறக்கத்தில் கியர் 'டணார்' என்று நழுவியது. பிரேக்கை ஓங்கி மிதித்தான். கருகல் வாடை வந்ததே தவிர வண்டி நிற்கவில்லை. மொத்தச் சுமையும் பின்னாலிருந்து முட்ட, லாரி வேகம் பிடித்தது. ஹாரனை அழுத்திய கையை அவன் எடுக்கவேயில்லை. 'ஓடுடா, ஓடுடா' என்று வாய் தானாக முணுமுணுத்தது. ஸ்டீயரிங்கை இடதுபக்கப் பாறைமேட்டைப் பார்த்து ஒடித்தான்.

இடித்து நின்ற பிறகு ஒரு சத்தமும் இல்லை.

"மாசிலா!"

இறங்கினான். முன்சக்கரத்தடியில் ஒரு செருப்பு நசுங்கிக் கிடந்தது. அது யாருடையது என்று அவனுக்குத் தெரியும். மண்டியிட்டு லாரிக்கு அடியில் பார்ப்பதற்குள் அவனுக்கு உயிர் போய்வந்தது. அங்கே யாருமில்லை.

"இங்கண்ணே..."

மேட்டு முட்புதருக்குள்ளிருந்து குரல். முகமெல்லாம் கீறல். சிவப்புத் துணியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு மாசிலாமணி கிடந்தான். கீழே, அவன் மறித்து நிறுத்தியிருந்த சைக்கிள்காரர்களில் ஒருவர், "க்யா ஹுவா, பையா?" என்று, என்ன ஆச்சென இந்தியில் கேட்டபடி பனிக்குள் தயங்கித் தயங்கி ஏறி வந்தார்.

கருப்பசாமி மாசிலாமணியைக் கைத்தாங்கலாக இறக்கி, பாதத்தில் ஏறியிருந்த முள்ளைப் பிடுங்கினான்.

அதன்பிறகு ஜெனரேட்டர் எங்கே போனாலும் மாசிலாமணி பஸ்ஸில் தனியாகப் போய்ச் சேர்ந்தான். "ஏறிக்கோடா" என்று கருப்பசாமியும் ஒருநாளும் கூப்பிடவில்லை.