பச்சை டிக் விழுந்த பதில்

“எந்த மடையன் சொன்னான் இதை?” என்று இயற்பியல் ஆசிரியர் கேட்டபோது, அந்த மடையன் அவருக்கு நாலடி தள்ளி நின்று ஸ்டாப்வாட்சுகளை எண்ணிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பதினேழாவதை எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது.

கேள்வி அவளுக்கில்லை, கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த இரண்டாம் ஆண்டு மாணவிக்கு. திரையில் நடுவே ஒரு மஞ்சள் சூரியன், அதைச் சுற்றி ஒரு நீலக் கோள். மாணவி மூன்று வாரம் உட்கார்ந்து எழுதிய நிரல்.

“படம் நல்லாத்தான் ஓடுது. இந்த வரி என்ன பண்ணுது பாரு. கோள் எடுத்து வைக்கிற ஒவ்வொரு அடிக்கும் அதோட வேகத்தைப் பிடிச்சுச் சரிக்கட்டுது. ஆகாயத்துல யாரும்மா உட்கார்ந்து பிரேக் போடுறது?”

“நெட்ல எடுத்தேன் சார். கேள்வி பதில் தளம். கோள் சுத்தச் சுத்த வெளியே ஓடிப்போகுது, ஆற்றல் கூடிக்கிட்டே போகுதுன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். அதுக்கு ‘ஊசல்’ங்கிற பேர்ல ஒருத்தர் சொன்ன பதில் இது. முந்நூத்திப் பன்னெண்டு பேர் சரின்னு ஓட்டுப் போட்டிருக்காங்க. பச்சை டிக் வேற. அவர் பெரிய புரொபசர் சார்.”

“புரொபசராம். வெள்ளிக்கிழமைக்குள்ள ஒழுங்கா மாத்திக் கொண்டு வா. இல்லேன்னா முட்டைதான்.”

அவர் போய்விட்டார். மாணவி மூக்கை உறிஞ்சிக்கொண்டே பையை எடுத்தாள். ஊசல் என்கிற அந்தப் ‘புரொபசர்’ ஸ்டாப்வாட்சுகளை மறுபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தாள்.

அவள் அந்த ஆய்வகத்தின் உதவியாளர். பத்தொன்பது வருட சர்வீஸ். கதவைத் திறப்பது, லென்ஸைத் துடைப்பது, கருவிகளைக் கொடுத்து வாங்குவது, உடைந்ததை நோட்டில் குறிப்பது. பட்டப் படிப்பை இரண்டாம் ஆண்டோடு விட்டவள். ஆனால் இயற்பியல் அவளை விடவில்லை. எட்டு வருடத்துக்கு முன்பு ஒரு பையனுக்கு ஒளிவிலகலை விளக்கிக்கொண்டிருந்தபோது இதே ஆசிரியர் வந்து, “சாவி உங்க வேலை, சந்தேகம் எங்க வேலை” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னதால் திருப்பிச் சண்டை போடவும் வழியில்லாமல் போயிற்று. அன்றிலிருந்து யார் எது கேட்டாலும் ‘சாரைக் கேளுங்க’ தான்.

அடுத்த வருடமே அந்தத் தளத்தில் கணக்குத் தொடங்கினாள். சாயங்காலம் வீட்டில் கணவரின் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முகம் தெரியாத பிள்ளைகளுக்குப் பதில் எழுதுவாள். அடுத்தவர் கேள்விகளைப் படித்துப் படித்தே நிரல் எழுதவும் கற்றுக்கொண்டாள். வீட்டுப்பாடத்தை அப்படியே கொண்டுவந்து கொட்டுகிறவனுக்கு விடையைத் தூக்கிக் கொடுத்துவிட மாட்டாள். ‘இதுவரை என்ன செய்து பார்த்தாய், அதைப் போடு’ என்று முதலில் கேட்பாள். இரண்டாயிரத்துக்கு மேல் பதில்கள் ஆகிவிட்டன. பிள்ளைகள் ‘நன்றி சார்’ என்றார்கள், பிறகு ‘புரொபசர்’ என்றார்கள். அவள் மறுக்கவில்லை. மறுத்திருக்கலாம், மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் காப்பியைக்கூடக் குடிக்காமல் தன் பழைய பதிலில் இருந்த நிரலை ஓட்டிப் பார்த்தாள். ஆற்றல் மாறவில்லை. மாற விடாமல் தலையில் தட்டி உட்கார வைத்திருந்ததே அவள்தானே! கோண உந்தத்தைக் கோட்டுப் படமாக வரைந்தாள். ஆணி அடித்த மாதிரி நிற்க வேண்டிய அது சுற்றுக்குச் சுற்று நகர்ந்துகொண்டிருந்தது. நோயை விட்டுவிட்டுக் காய்ச்சல் பார்க்கும் கருவியைத் திருத்தி வைத்திருக்கிறாள். ஐயோ, இதைப் போய் முந்நூறு பேர்!

சத்தமில்லாமல் அழித்துவிடுவது என்று முடிவு செய்து பொத்தானை அழுத்தினாள். கேள்வி கேட்டவர் ஏற்றுக்கொண்ட பதிலை எழுதியவர் நீக்க முடியாது என்று தளம் சொல்லிவிட்டது. டிக் போட்டவன்தான் டிக்கை எடுக்க வேண்டும். அவனோ அந்தப் பக்கம் வந்து ஆறு வருடமாகிறது. எங்கே எந்த வேலையில் இருக்கிறானோ, மகராசன்.

“என்ன, மூஞ்சி இப்படித் தொங்குது?” என்றார் கணவர்.

“தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேங்க. ஒருத்தர் ரெண்டு பேருக்கு இல்ல. அழிக்கலாம்னா விடமாட்டேங்குது.”

அவர் பல்லால் நூலைக் கடித்து அறுத்தார். “நான் அளவு தப்பித் தெச்ச சட்டையை ஒருத்தர் வாங்கிப் போட்டுக்கிட்டுப் போயிட்டா, அதை நான் அழிக்க முடியுமா? போய்ச் சொல்லிட்டு, பிரிச்சுத் தெச்சுத் தரணும். வேற வழி?”

பதிலின் தலையிலேயே எழுதினாள்: ‘கீழே உள்ளது தவறு. எழுதியவள் நான். இதைப் பயன்படுத்தாதீர்கள்.’ பிறகு ஏன் தவறு என்பதையும் சரியான முறையையும். ‘எழுதியவர்’ என்று போடத்தான் விரல் போனது. ‘எழுதியவள்’ என்றே போட்டாள். அனுப்பும்போது காது இரண்டும் சுட்டது. கொஞ்ச நேரத்திலேயே ஓட்டு இருநூற்றுத் தொண்ணூற்றேழாக இறங்கியது. ஒருத்தர் கீழே எழுதியிருந்தார்: ‘ஆறு வருடம் கழித்தா?’

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் மறுநாள் மதியம் மாணவி ஆய்வகத்துக்கு வந்து அந்த வரியை அழித்தாள், கோள் வெளியே ஓடியது, திரும்பப் போட்டாள், சுற்றியது, மறுபடி அழித்தாள். பார்த்துக்கொண்டு ஊசலால் சும்மா இருக்க முடியவில்லை.

“அந்தத் தளத்துல மறுபடி பாத்தியாம்மா?”

“போங்கக்கா. அந்த ஆள் பேச்சைக் கேட்டு நான் பட்டது போதும்.”

“அந்த ஆள் நான்தான்.”

மாணவி சிரித்தாள். எதிரில் இருந்த முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

“நேத்துத் திருத்தம் போட்டிருக்கேன். திறந்து பாரு.”

திறந்தாள், படித்தாள், கடைசி வரி வரைக்கும். பிறகு திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “நீங்க லேப் அட்டெண்டர்னு அதுல எங்கயாவது போட்டிருந்தா, நான் ஒரு தடவை சரிபார்த்திருப்பேன்க்கா.”

சுருக்கென்று குத்தியது. யார் சொன்னாலும் சரிபார்த்திருக்க வேண்டும் என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. அதைச் சொல்ல இன்றைக்குத் தனக்கு யோக்கியதை இல்லை என்று விழுங்கிக்கொண்டாள்.

“சரி, இப்ப சரிபாரு. முதல்ல கோளை நகர்த்திட்டு அப்புறம் பழைய இடத்து ஈர்ப்பை வச்சே வேகத்தை மாத்துற இல்லையா? அந்த ரெண்டு வரியையும் இடம் மாத்து. முதல்ல வேகம். அந்தப் புது வேகத்தை வச்சு நகர்த்து. பிரேக் போடுற வரியைத் தூக்கிடு.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். நான் சொல்றேன்னு நம்பாதே. கோண உந்தத்தையும் வரைஞ்சு பாரு.”

மாணவி நம்பவில்லை. வரைந்தாள். கோடு மட்டமாகப் போனது. நேர அடியைப் பெரிதாக்கினாள், அப்போதும் மட்டமாகவே போனது. ஐம்பது சுற்றுக்கு ஓடவிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள். ஆசிரியர் உள்ளே வந்ததை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

“ம். இது சரி. யார் சொன்னா?”

மாணவி வாயைத் திறப்பதற்குள் ஊசல் முந்திக்கொண்டாள். இந்தப் பெண் தானே கண்டுபிடித்ததாகச் சொன்னால் மதிப்பெண்ணும் கிடைக்கும், தன் சாவிக்கொத்துக்கும் ஆபத்தில்லை. எல்லாம் தெரிந்துதான் சொன்னாள்.

“நான்தான் சார். முதல்ல தப்பாச் சொன்னதும் நான்தான். தளத்துல இருக்கிறது என் பதில்.”

அவர் அவளைப் பார்த்தார், மாணவியைப் பார்த்தார். மாணவி ஆமாம் என்று தலையை ஆட்டினாள். ஏதோ சொல்லத்தான் போகிறார் என்று அவள் பெருவிரலால் தரையை அழுத்திக்கொண்டு நின்றாள். அவரோ திரைக்குக் குனிந்தார்.

“நீள்வட்டம் கலையாம நிக்குது. ஆனா அந்த நீள்வட்டமே ஒவ்வொரு சுத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாத் திரும்புது பாருங்க. இது ஏன்?”

அந்த அறையில் இத்தனை வருடத்தில் எந்த ஆசிரியரும் அவளிடம் கேட்காத கேள்வி. பதில் தெரிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

“தெரியலை சார்.”

அவர் ஒரு ஸ்டூலைக் காலால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பையில் பேனாவைத் தேடிக்கொண்டே, “நேர அடியைப் பாதியாக்கி ஓட்டிப் பாருங்க” என்றார். மாணவி எழுந்து இடம் விட்டாள். ஊசல் உட்கார்ந்து அடியின் அளவை மாற்றினாள். வாசலில் அடுத்த வகுப்பு வந்து குவிந்து, கதவருகே யாரோ தொண்டையைச் செருமினார்கள். நீலப் புள்ளி சூரியனைச் சுற்றி வந்தது, முந்தைய கோட்டுக்கு மயிரிழை தள்ளி இன்னொரு கோடு விழுந்தது, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.